கட்டுவதற்கு முன்னால் விரலைப் பாருங்கள்: கட்டு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கட்டு வைத்தியர் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவராக இருக்கிறேன். இங்கிருந்து திருத்தணி போய், நகரியைத் தாண்டினால், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன புத்தூர் வந்துவிடும். அதனால் 'புத்தூர் கட்டு' என்ற பலகை இல்லாத கடைத்தெருவே இந்தப் பக்கம் கிடையாது. சில பலகைகளுக்குப் பின்னால் மூன்று தலைமுறைக் கைப்பழக்கம் இருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால், போன வருடம்வரை வேறு தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதல் வகையினர் படித்துவிட்டு இரண்டாம் வகையினரிடம் எடுத்துச் சொன்னால் என் வேலை பாதி முடிந்தது.

என்னை எழுத வைத்தது ஒரு பையனின் கை. அப்போது அவனுக்கு ஏழு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர்கள் பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் இலையும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, சுற்றிலும் மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். ராத்திரி முழுக்கப் பையன் அழுதான். 'கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ' என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் அழுகை நின்றது. வலி விட்டது என்று அம்மா நினைத்தார், நிம்மதியாகத் தூங்கவிட்டார். சாயங்காலம் விரல் நுனி கறுத்துத் தெரிந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள். கத்தரியால் நான் கட்டை வெட்டினேன். கையைத் தொட்டுத் திருப்பியபோதும் அவன் ஒரு சத்தம் போடவில்லை. எனக்கு வயிறு கலங்கியது அப்போதுதான்.

கை போகவில்லை. சென்னையில் பெரிய மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் முன்கைச் சதை செத்துவிட்டது. இப்போது அவனுக்குப் பத்து வயது. விரல்கள் உள்ளங்கையை நோக்கிச் சுருண்டே இருக்கின்றன. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் மட்டும் கொஞ்சம் விரியும். நிமிர்த்தினால் மறுபடியும் சுருண்டுகொள்ளும். இடது கையால் எழுதப் பழகிவிட்டான். கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

கட்டியவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் வாங்கிய காசு எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ் செலவைவிடக் குறைவு. பிசகு எங்கே நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதை இந்த மடலில் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் குறையை ஒத்துக்கொள்கிறேன். ஜனங்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருக்கிறீர்கள். எக்ஸ்ரே இயந்திரம் இருக்கும் இடத்தில் அதை எடுக்கத் தெரிந்தவர் அன்றைக்கு இருக்க மாட்டார். அவர் இருந்தால் எலும்பு டாக்டர் இருக்க மாட்டார். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு 'ஆறு வாரம் கழித்து வா' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நீங்கள் வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்துப் பார்க்கிறீர்கள், வீட்டில் என்ன சமையல் என்று விசாரிக்கிறீர்கள், பிரண்டைத் துவையல் சாப்பிடச் சொல்கிறீர்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றாலே 'ஆபரேஷன்தான், கம்பிதான்' என்ற பயம் வேறு. அடிதடியில் பட்ட காயமென்றால் நாங்கள் விபத்துப் பதிவேட்டில் எழுதுவோம், போலீஸ் வரும் என்ற பயம். இதையெல்லாம் நாங்கள் சரிசெய்யாதவரை உங்கள் வாசலில் கூட்டம் குறையாது. உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலும்பு மருத்துவத்தின் வேரில் உங்களைப் போன்றவர்களே இருக்கிறார்கள். பிரிட்டனின் லிவர்பூல் நகரத்தில் ஈவன் தாமஸ் என்று ஒரு கட்டு வைத்தியர் இருந்தார். வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சி தீவிலிருந்து வந்தவர், பரம்பரையாகக் கட்டுப் போடும் குடும்பம். படித்த டாக்டர்கள் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அவர் தன் பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைத்தார். அவர்களில் ஒருவர்தான் 1834இல் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ். அப்பாவிடம் கற்ற கைப்பழக்கத்தையும் கல்லூரியில் படித்ததையும் சேர்த்து, உடைந்த காலை அசையாமல் நீட்டி வைக்கும் இரும்புச் சட்டம் ஒன்றை அவர் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார். அவர் மனைவியின் சகோதர வழியில் வந்த ராபர்ட் ஜோன்ஸ் அவரிடமே தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் தொடை எலும்பு உடைந்த சிப்பாய்கள் வழியிலேயே ரத்தம் போய் இறந்துகொண்டிருந்தபோது, அந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜோன்ஸ். பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றைக்கும் தொடை எலும்பு முறிந்து வருகிறவருக்கு நாங்கள் 'தாமஸ் ஸ்பிளிண்ட்' என்று சொல்லிக் கட்டுவது ஒரு கட்டு வைத்தியர் வீட்டுப் பிள்ளை செய்த சட்டத்தைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எலும்பு முறிந்த இடம் உடனே முழுதாக வீங்கிவிடாது. முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். சதையைச் சுற்றி இயற்கையாகவே உறை போல ஒரு சவ்வு உண்டு. அது ரப்பர் மாதிரி விரியாது. உள்ளே ரத்தமும் நீரும் சேரச் சேர அழுத்தம் கூடும். வெளியே நீங்கள் சுற்றி இறுக்கிக் கட்டினால் அந்தச் சதைக்குப் போக வழியே இல்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் முதலில் நசுங்கும். நரம்பு மரத்துப் போகும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் இப்படியே போனால் சதை சாகத் தொடங்கும். இறுகிய கட்டு என்ன செய்யும் என்பதை ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881இலேயே எழுதி வைத்துவிட்டார். அந்தச் சுருண்ட கைக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறோம். மூங்கிலோ மாவுக்கட்டோ எதுவானாலும் இதே கதைதான். நாங்கள் முதல் நாளே சுற்றிலும் முழு மாவுக்கட்டுப் போட்டால் அதுவும் இதே கேட்டைச் செய்யும்.

அதனால்தான் முதல் நாளில் நாங்கள் அரைக் கட்டுப் போடுகிறோம். கையின் ஒரு பக்கத்துக்கு மட்டும், சுற்றளவில் பாதிக்குச் சற்று மேலே வருகிற மாதிரி, பஞ்சு சுற்றி, மேலே மாவுத் துணியை எட்டுப் பத்து மடிப்பாக வைத்து, கட்டுத்துணியால் லேசாகச் சுற்றுகிறோம். மறுபக்கம் வீங்குவதற்கு இடம் இருக்கும். விரல் முட்டிகள் வெளியே தெரிய வேண்டும், மடக்கி நீட்ட வர வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் முழுக்கட்டு. உங்களிடமும் இதை மட்டுமாவது கேட்கிறேன்: முதல் வாரம் சுற்றிக் கட்டாதீர்கள். இரண்டு பத்தைக்கு நடுவே விரலை நுழைக்கிற இடம் விடுங்கள், அடியில் பஞ்சு வையுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலை. வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். கல்யாணத்தில் போட்ட மோதிரம் என்று அழுகிற அம்மாவிடம் அதை வெட்டி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் நர்ஸம்மாவைக் கேட்டால் சொல்வார். விரலில் சோப்புத் தண்ணீர் தடவி முதலிலேயே உருவிவிட்டால் தீர்ந்தது.

பிறகு விரலைப் பாருங்கள். நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் ரெண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மற்ற கையிலும் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். விரலைத் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். கட்டைவிரலைத் தூக்கச் சொல்லுங்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட வருகிறதா என்று பாருங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். கைக்கு வரும் மூன்று நரம்புகளும் வேலை செய்கின்றனவா என்று இதிலேயே தெரிந்துவிடும். கட்டுவதற்கு முன் ஒருமுறை, கட்டிய பிறகு ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்தக் கட்டை அந்த நிமிடமே அவிழ்த்துவிட வேண்டும்.

வலியைப் பற்றி ஒரு சொல். அசையாமல் கட்டினால் எலும்பு முறிவின் வலி மெல்ல மெல்லக் குறைய வேண்டும். கட்டிய பிறகு கூடுகிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை, சுருண்ட விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தினாலே பிள்ளை துடிக்கிறது என்றால், உள்ளே சதை மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மணிக்கட்டில் நாடி நன்றாகவே அடிக்கலாம். 'நாடி இருக்கிறதே' என்று ஏமாந்துவிடாதீர்கள். 'பொறுத்துக்கோ' என்ற சொல்லைக் கட்டுப் போட்ட பிள்ளையிடம் யாரும் சொல்லக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வை, விரலை ஆட்டிக்கொண்டே இரு, வலி கூடினாலோ விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் கட்டை வெட்டு, என்னைக் கேட்க வேண்டாம், 108க்கு அடி.

சின்னப் பிள்ளையின் முழங்கையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ஐந்திலிருந்து ஏழு எட்டு வயதுக்குள், விழுந்து முழங்கைக்கு மேலே வீங்கி வருகிற பிள்ளை எங்களுக்கே பயம். அந்த இடத்தில் எலும்பு தட்டையாகி மெலிந்திருக்கும்; அதற்கு முன்னால்தான் கையின் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. முறிந்த முனை அதைக் குத்தலாம். நானும் அதை நேராக்கப் பார்க்க மாட்டேன். எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே, அதிகம் மடக்காமல், அட்டையோ பத்தையோ வைத்துத் தாங்கல் கொடுத்து அனுப்பிவிடுவேன். அன்றைக்கே போய்ச் சேர்ந்தால் வெட்டாமலே, தோல் வழியாக மெல்லிய கம்பி வைத்துப் பொருத்திவிடுவார்கள். சில வாரத்தில் அந்தக் கம்பியையும் எடுத்துவிடுவார்கள்.

முழங்கை அடிபட்டால் எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். உருவ உருவ அந்தச் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். கடைசியில் மூட்டு மடங்காமல் குச்சியாகிவிடும். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோக முடியாத கையோடு இரண்டு பேர் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். மூட்டு விறைத்திருந்தால் அவர்களே மெதுவாக மடக்கிப் பழகட்டும். அடுத்தவர் கை வேண்டாம்.

இதே முழங்கையில் உங்களை மெச்ச வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. இரண்டு மூன்று வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கியிருப்பார்கள். குழந்தை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழும். வீக்கம் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு குழந்தைக்கு எக்ஸ்ரே எழுதிக்கொண்டிருந்தேன். மருந்து வாங்க வந்த ஒரு பாட்டி, சுளுக்கு எடுக்கிறவர், 'இங்கே கொடும்மா' என்று வாங்கினார். ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையால் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி மடக்கினார். 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். பத்து நிமிடத்தில் குழந்தை அந்தக் கையாலேயே பிஸ்கட்டை வாங்கியது. பாடத்தில் படித்ததை நான் கண்ணால் பார்த்தது அவரிடம்தான். ஆனால் அந்தப் பாட்டி கையை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: 'விழுந்துச்சா, இழுத்தீங்களா?' விழுந்திருந்தால் திருப்பக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வியை உங்கள் எல்லோரிடமும் சேர்க்க ஆசைப்படுகிறேன்.

முறிவா சுளுக்கா என்று எக்ஸ்ரே இல்லாமல் எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்கலாம். மணிக்கட்டு முறிவை ஆபிரகாம் கோலிஸ் என்ற டப்ளின் மருத்துவர் 1814இல் வெறும் கையால் தொட்டே விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க அப்புறம் 81 வருடம் ஆனது. உங்கள் விரலும் அந்த வேலையைச் செய்யும். கணுக்காலுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டது. கணுவின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் ஓரத்தையும் நுனியையும், நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே வரை, அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேட்டையும், உள் ஓரத்தில் கணுவுக்கு முன்னால் உள்ள எலும்பையும் அழுத்திப் பாருங்கள். அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று கேளுங்கள், நொண்டினாலும் பரவாயில்லை. எலும்பின் மேல் வலி இல்லை, நாலு அடி நடக்கிறார் என்றால் பெரும்பாலும் முறிவு இருக்காது. இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். குடித்திருப்பவருக்கும், கால் மரத்துப் போன சர்க்கரை நோயாளிக்கும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், அவர்களுக்கு வலி தெரியாது.

நான் தவறவிட்டதையும் சொல்கிறேன். விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒரு பையன், பைக்கிலிருந்து உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. 'சுளுக்குதான் தம்பி' என்று களிம்பு கொடுத்து அனுப்பினேன். நாலு மாதம் கழித்து, நூல் முடிச்சுப் போட முடியவில்லை என்று வந்தான். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் மணிக்கட்டு ஓரமாக ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தி வலித்தால், உள்ளே படகு மாதிரி இருக்கும் சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது பல சமயம் தெரியாது. அதற்கு ரத்தம் தலைகீழாக, நுனியிலிருந்து அடிக்குப் போகிறது. முறிந்தால் அடித்துண்டு ரத்தம் இல்லாமல் பட்டுப்போகலாம். கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி, பத்துப் பதினாலு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். அன்று நான் அந்தக் குழியை அழுத்தவே இல்லை. இப்போது மணிக்கட்டு வலி என்று யார் வந்தாலும் முதலில் என் விரல் அங்கேதான் போகிறது. உங்கள் விரலும் போகட்டும்.

எலும்பு முறிவுகளில் பல, அசையாமல் வைத்தாலே தானாகக் கூடிவிடும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள காறை எலும்பு உடைந்தால் பெரும்பாலும் ஒரு தூளி போதும். துண்டை முக்கோணமாக மடித்துக் கழுத்தில் மாட்டினால் சரி. கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டினாலே போதும். பிள்ளைகளின் மணிக்கட்டில் எலும்பு உடையாமல் மடிந்து புடைக்கும் ஒரு வகை உண்டு. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 965 பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஆய்வு நடத்தி 2022இல் வெளியிட்டார்கள். வெறும் துணிக்கட்டுப் போட்டவர்களுக்கும் கெட்டியான கட்டுப் போட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. இப்படி இலகுவாகக் கூடுகிறவற்றை நீங்கள் கட்டினாலும் கூடும், நான் கட்டினாலும் கூடும். பெயர் மட்டும் கட்டியவருக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால், 'ஆயிரம் பேருக்குக் கட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை' என்ற தைரியம் முழங்கைப் பிள்ளையிடம் நம்மைக் கொண்டுபோய் விடாது.

எலும்பு வெளியே தெரிந்தால், அல்லது முறிந்த இடத்துக்கு மேல் சின்னதாகக் குத்தின மாதிரி புண் இருந்து ரத்தம் கசிந்தால், அதன் மேல் இலைச்சாறும் முட்டையும் வைக்கக் கூடாது. சீழ் எலும்புக்குள் போனால் வருடக்கணக்கில் வடியும். உப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அசையாமல் தாங்கல் கொடுத்து உடனே அனுப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி ஊசி போய்விட வேண்டும், தனுர்வாத ஊசியும் வேண்டும். சாலை விபத்து என்றால் செலவுக்குப் பயப்பட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும்கூட. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ கிணற்றிலோ விழுந்தவரை உட்கார வைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்க, நாலு பேர் சேர்ந்து கட்டைபோல் உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

பாட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி எழுந்திருக்கவில்லை. கால் ஒரு பக்கம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இது இடுப்பு மூட்டில் முறிவு. சில பேருக்குக் கால் குட்டையாகாது, முழங்கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு நாலு அடி நடந்துகூட வருவார்கள். 'இந்த வயசில் ஆபரேஷன் எதுக்கு, கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாம்' என்று வீட்டில் சொல்வார்கள், உங்களிடம் அதற்காகவே அழைத்து வருவார்கள். அந்த எலும்புக்கு எந்தக் கட்டும் எட்டாது. படுக்க வைத்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். பல பாட்டிகள் போவது முறிவால் இல்லை, படுக்கையால். இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட்டால் மறுநாளே பிடித்து நிற்க வைக்கிறார்கள். வயதைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். வயதுதான் சீக்கிரம் செய்யக் காரணம். 'காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் 'டாக்டரம்மா அப்படித்தான் சொல்வாங்க' என்பார்கள். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த அம்மாக்களையும் கட்டுப் பிரித்த பிறகு என்னிடம் அனுப்புங்கள். எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுத்தால் அடுத்து இடுப்பு முறிவதைத் தடுக்க வழி இருக்கிறது.

இன்னொரு கை இருக்கிறது. முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும், நடுவில், குறுக்காக முறிந்திருக்கும். 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று அந்தப் பெண் சொல்வாள். விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார். இந்த இடம் முறிவது பெரும்பாலும் தலையில் விழ வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தபோது. போலீசுக்குப் பயந்துதான் எங்களிடம் வராமல் உங்களிடம் வருகிறாள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளிடம் சொல்லுங்கள். தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தைக்கு எலும்பு முறிந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே என்னிடம் அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மடல் யாருக்கும் வைத்தியம் பார்க்க அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் சட்டத்தை எடுத்துக் காட்டியதால் அந்தப் பையனின் விரல் நிமிரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பிள்ளை மரத்திலிருந்து விழும், வீட்டார் உங்கள் வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள். அந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் நான் உங்களோடு பேசுகிறேன்.

என் பக்கத்திலிருந்து சில வாக்குகள். நீங்கள் அனுப்பும் நோயாளியின் முன்னால் உங்களைத் திட்ட மாட்டேன். 'யார் கட்டினது?' என்று கோபமாக எங்கள் நிலையத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், 'எப்போ கட்டினது?' என்று மட்டும் கேட்போம். பார்த்து முடித்ததும் என்ன முறிவு, என்ன செய்தோம் என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி உங்களுக்கும் கொடுத்தனுப்புவேன். என் கைப்பேசி எண்ணை நிலையத்தின் வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பேன். எங்கள் சித்த மருத்துவரும் இதில் சேர்ந்துகொள்கிறேன் என்றார். ஒடிவு முறிவு பற்றி உங்களிடம் கேட்க அவரிடம் நிறைய இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வெளிநோயாளிக் கூட்டம் முடிந்த பிறகு, நிலையத்துக்கு வாருங்கள். அரைக் கட்டு எப்படிப் போடுவது என்று செய்து காட்டுகிறேன். டீ உண்டு. வரும்போது உங்கள் மூங்கில் பத்தைகளைக் கொண்டுவாருங்கள். எவ்வளவு தடிமனில் சீவுகிறீர்கள், எப்படி வளைக்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
எல்லையோர ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர்